நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? வீட்டு 4ஜி ரௌட்டரை அளந்து சரிசெய்யும் முறை

ஃபைபர் வராத தெருவில் வீட்டு இணையம் என்றால் ஒரு சிம்மும் ஒரு 4ஜி ரௌட்டரும்தான். ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவு, தோப்புக்கு நடுவே வீடு, அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பம் என்று இதை நம்பியிருப்பவர்கள் நிறைய. வாங்கிய புதிதில் நன்றாக ஓடும், பிறகு ஒருநாள் வீடியோ சுற்ற ஆரம்பிக்கும். உடனே புது ரௌட்டர், அதிலும் தீராவிட்டால் ஆன்டெனா, அதற்கும் மேலே பூஸ்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் அளந்துவிட வேண்டும். பிறகு ரௌட்டரின் இடத்தையும் செட்டிங்கையும் மாற்றிப் பார்க்க வேண்டும். கடையில் வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அது தேவையே படாது.

எடுத்துவைக்க வேண்டியவை: ஒரு கேட்5ஈ லேன் வயர், லேன் போர்ட் உள்ள லேப்டாப், 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டிமீட்டர், ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மொபைல் நெட்டின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். எழுதி வைக்காமல் ரௌட்டரை நகர்த்திக்கொண்டிருந்தால் எந்த மாற்றம் பலன் தந்தது என்று கடைசிவரை பிடிபடாது.

முதலில் டேட்டா தீர்ந்ததா என்று பாருங்கள்

தினசரி டேட்டா திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும். வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகாது. இதையும் டவர் நெரிசலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டுமே சாயங்காலத்தில்தான் தலைகாட்டும். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்பீடு டெஸ்டில் 0.06 மெகாபிட்டுக்குப் பக்கத்தில் ஒரே எண் அசையாமல் நின்று, நள்ளிரவு 12 மணி அடித்ததும் பட்டென்று சரியானால் டேட்டா தீர்ந்திருக்கிறது. 1, 3, 2 என்று மேலும் கீழும் ஆடி, இரவு 11 மணிக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினால் அது நெரிசல்.

டேட்டா எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கிளவுடில் பதிவாகும் ஒரு சிசிடிவி கேமரா 2 மெகாபிட் அளவில் நாள் முழுதும் ஓடினால் 24 மணி நேரத்தில் 21.6 ஜிபி. வீட்டில் யாருமே நெட் தொடாவிட்டாலும் கணக்கு அவ்வளவுதான். கேமராவை மெமரி கார்டில் பதியவிட்டு, ஆள் அசைந்தால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள். போன்களில் புகைப்பட பேக்கப், கணினியில் விண்டோஸ் அப்டேட் ஆகியவை இதற்கு அடுத்த சந்தேக நபர்கள். விண்டோஸில் அந்த வைஃபை இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்கள் தானாக இறங்குவது நிற்கும்.

காற்றா, வைஃபையா?

டவரிலிருந்து ரௌட்டர்வரை ஒரு வானொலிப் பாதை. ரௌட்டரிலிருந்து போன்வரை இன்னொன்று. பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியாமல் ஆன்டெனா வாங்கக் கூடாது. லேப்டாப்பை லேன் வயரில் நேரடியாகச் சொருகி, அதன் வைஃபையை அணைத்து, மற்ற எல்லாக் கருவிகளையும் ரௌட்டரிலிருந்து துண்டித்துவிட்டு மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். பிறகு அதே இடத்தில் வைஃபையில் மூன்று முறை.

வயரில் 35, வைஃபையில் 8 என்றால் டவர் மேல் பழி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று வைஃபை அனலைசர் செயலியில் பார்த்து, காலியானதில் நிலையாக வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். நெருக்கமான தெருவில் 40 வைத்தால் எல்லோருடைய இரைச்சலும் உள்ளே வரும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் டிவியையும் லேப்டாப்பையும் அதற்கு மாற்றிவிடலாம், ஆனால் அது இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரௌட்டர் பக்கத்திலேயே யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த போர்ட்டும் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புவது தெரிந்த கோளாறுதான்.

வயரிலும் வேகம் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

கோடுகளை நம்ப வேண்டாம்

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். ஹுவாவே ரௌட்டர்களில் பெரும்பாலும் 192.168.8.1, மற்றவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சரியான முகவரி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. உள்ளே நெட்வொர்க் ஸ்டேட்டஸ், டிவைஸ் இன்ஃபர்மேஷன், சிக்னல் என்று ஏதோ ஒரு பெயரில் சில எண்கள் கிடைக்கும். போனில் பார்க்க வேண்டுமானால் ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்கலாம். சாம்சங்கில் *#0011#. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* முயன்று பாருங்கள், வராவிட்டால் நெட்மான்ஸ்டர் போன்ற செயலி போதும்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு சத்தமாக வந்து சேர்கிறது என்பது. எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு அருகே வந்தால் நல்லது. -80க்கு மேல் அருமை, -90 வரை நன்று, -100 வரை ஓட்டலாம், -110ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். 3 டிபி (டெசிபல்) கூடினால் வந்து சேரும் சக்தி இரண்டு மடங்கு, 10 டிபி கூடினால் பத்து மடங்கு.

எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தக் குரல் சுற்றியுள்ள கூச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான். 20க்கு மேல் இருந்தால் டவர் ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய பிட்களை அடைத்து அனுப்பும். 13க்குக் கீழே வந்தால் அடைப்பைக் குறைத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். திருவிழாக் கூட்டத்தில் பேசுவது மாதிரிதான் இது. எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து ஒலிபெருக்கி அலறினால் வார்த்தை புரியாது. ஆனால் போனிலும் ரௌட்டரிலும் தெரியும் கோடுகள் பெரும்பாலும் சத்தத்தை மட்டுமே காட்டும். அதனால்தான் ஐந்து கோடும் நிறைந்திருக்க நெட் ஊர்கிறது. ஆர்எஸ்ஆர்பி -92, எஸ்ஐஎன்ஆர் 3 காட்டும் இடத்தைவிட, -101, 14 காட்டும் இடத்தில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். கோட்டைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தவர் தப்பான இடத்தைத்தான் பிடித்திருப்பார்.

மூன்றாவது எண் ஆர்எஸ்ஆர்க்யூ. இது டவரில் கூட்டம் எவ்வளவு என்பதைக் கோடிகாட்டும். ரௌட்டரை அசைக்காமல் வைத்து, காலை 5 மணி, மதியம் 1 மணி, இரவு 9 மணி என்று மூன்று நாள் எழுதுங்கள். ஆர்எஸ்ஆர்பி மூன்று வேளையும் ஏறக்குறைய அப்படியே நின்று, ஆர்எஸ்ஆர்க்யூ மட்டும் காலையில் -7, இரவில் -12 என்று இறங்கி, வேகமும் கூடவே 30இலிருந்து 2க்கு விழுந்தால் டவர் நிரம்பியிருக்கிறது என்று பொருள். மாறாக எஸ்ஐஎன்ஆர் காலையிலும் மோசம், இரவிலும் மோசம், வேகம் எந்நேரமும் 4 என்றால் பழுது உங்கள் பக்கத்தில். அதை நீங்களே சரிசெய்யலாம்.

பைசா செலவில்லாத பழுதுபார்ப்பு

850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 செ.மீ. 1800க்கு 17, 2300க்கு 13. வீட்டுக்குள் அலை நேராக வருவதில்லை. சுவர், தரை, பீரோ என்று மோதித் திரும்பி, ஓரிடத்தில் கூடியும் அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழித்தும் நிற்கிறது. அதனால் ரௌட்டரை ஒரு சாண் நகர்த்தினாலே எஸ்ஐஎன்ஆர் மாறும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்குத்தான்.

வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் ரௌட்டரை வையுங்கள். தரையிலிருந்து குறைந்தது நான்கடி உயரத்தில் வைத்து, 60 விநாடி பொறுத்து மூன்று எண்களையும் குறியுங்கள். கூடவே செல் ஐடியையும் (எந்த டவரின் எந்த முகத்தோடு இணைந்திருக்கிறீர்கள் என்று காட்டும் எண்) எழுதுங்கள், அதன் பயன் பின்னால் வரும். நல்ல ஜன்னல் ஒன்று கிடைத்ததும் அங்கேயே 10 செ.மீ. இப்படி, 10 செ.மீ. அப்படி நகர்த்தி, நிறுத்தியும் படுக்க வைத்தும் பாருங்கள். டிவிக்குப் பின்னால் அலமாரிக்குள் செருகியிருந்த ரௌட்டரை டவர் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுவருவது மட்டும் பல வீடுகளில் வேலையை முடித்துவிடும்.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கொசு வராமல் ஜன்னலில் அடித்த அலுமினிய வலையின் கண், அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, அலைக்கு அது கிட்டத்தட்டச் சுவர். நைலான் வலை இருந்தால் பிரச்சினை இல்லை. வெயிலுக்காக ஒட்டிய பளபளப்பான ஜன்னல் ஃபிலிம், இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி எல்லாமே தடுக்கும். தகரக் கூரை வீட்டில் மேலிருந்து எதுவும் வராது, பக்கவாட்டு ஜன்னல் ஒன்றே வழி.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. உயரம் கூடினால் உங்கள் டவரின் சத்தம் கூடும். கூடவே தூரத்து டவர்கள் நாலைந்தும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆர்எஸ்ஆர்பி -98இலிருந்து -84க்கு ஏறி, எஸ்ஐஎன்ஆர் 9இலிருந்து 4க்கு இறங்குவது இப்படித்தான். அந்த நிலையில் மாடிப்படி அறையின் சுவர் அல்லது தண்ணீர்த் தொட்டி, வேண்டாத டவர்களுக்கும் ரௌட்டருக்கும் நடுவில் வரும்படி வையுங்கள். நிரம்பிய தொட்டி நல்ல மறைப்பு. வேண்டிய டவர் பக்கம் திறந்திருக்கட்டும்.

போனில் ஓடுகிறது, ரௌட்டரில் ஓடவில்லை

அதே சிம், அதே ஜன்னல், போனில் 60 மெகாபிட், ரௌட்டரில் 18. ரௌட்டர் பழுதில்லை, அதன் வகையே அப்படி. மலிவான ரௌட்டர்கள் பெரும்பாலும் கேட்4 என்ற 4ஜி வகை (லேன் வயரின் கேட்5ஈக்கும் இதற்கும் தொடர்பில்லை). அதாவது ஒரே நேரத்தில் ஒரு பேண்டை, அதாவது ஒரு அலைவரிசைத் தொகுதியை மட்டும் பிடிக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் ஏட்டளவில் உச்சம் 150 மெகாபிட், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே மகிழ்ச்சி. இன்றைய போன்கள் இரண்டு மூன்று பேண்டுகளை ஒன்றாகச் சேர்த்து இழுக்கின்றன. கேட்6 ரௌட்டர் இரண்டு பேண்டைச் சேர்க்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேட்4 வைத்திருப்பவருக்கு அது எந்த பேண்டைப் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜியோவின் 4ஜி பேண்டு 5, 3, 40இல் ஓடுகிறது. ஏர்டெல் 8, 3, 1, 40. வி (வோடஃபோன் ஐடியா) 8, 3, 1, 41. பிஎஸ்என்எல் 28, 1. இவற்றில் 5, 8, 28 ஆகியவை 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை. சுவரைத் துளைத்து வரும், வெகுதூரம் போகும், ஆனால் அகலம் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ்தான். ஊர்க்கோடி வீடுகள் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 40, 41 பேண்டுகளில் அகலம் அதிகம், துளைக்கும் திறன் குறைவு. ரௌட்டர் வழக்கமாகச் சத்தம் அதிகமான பேண்டுக்கே ஓடும். கூட்டம் அங்கே எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

எந்த பேண்டு என்று பக்கத்தில் நேரடியாகக் காட்டாவிட்டால் இஏஆர்எஃப்சிஎன் என்ற எண்ணைப் பாருங்கள். 2400 முதல் 2649 வரை என்றால் பேண்டு 5. 1200 முதல் 1949 வரை பேண்டு 3. 3450 முதல் 3799 வரை பேண்டு 8. 38650 முதல் 39649 வரை பேண்டு 40. சில ரௌட்டர்களில் பேண்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. ஒவ்வொன்றாகப் பூட்டி, இரவு 9 மணிக்கு வேகம் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி 8 டிபி குறைந்தாலும் 40இல் வேகம் இரட்டிப்பானால் அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் ஒரே ஒரு பேண்டில் பூட்டினால் அந்த பேண்டு டவரில் அணைந்த நாளன்று நெட்டே இருக்காது. வீட்டில் உள்ளவர்களுக்குப் பூட்டைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ரௌட்டராக இருந்தால் பெட்டியில் பேண்டுப் பட்டியலைப் படியுங்கள். 5 அல்லது 40 இல்லாத மாடல்கள் உண்டு. அங்குள்ள நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டதாகவும் இருக்கலாம்.

5ஜி பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜியின் முக்கிய அலைவரிசை 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. கான்கிரீட் சுவருக்குள் அது வேகமாகத் தேய்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்தால் 5ஜி, உள்ளே இழுத்தால் 4ஜி என்று மாறும் வீட்டில், உள்ளே வைக்கும் 5ஜி ரௌட்டர் ஏமாற்றம் தரும். வெளியே பொருத்தும் கருவி கொண்ட திட்டம்தான் அங்கே பொருந்தும்.

டவர் எந்தப் பக்கம்?

செல் ஐடியை 256ஆல் வகுத்தால் வரும் முழு எண்தான் டவரின் எண், மீதி வருவது அந்த டவரின் எந்த முகம் என்பது. செல் ஐடி 58237475 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 227490, மீதி 35. இன்னொரு ஜன்னலில் 58237476 வந்தால் டவர் அதேதான், முகம் வேறு. வகுத்த எண்ணே மாறினால் வேறு டவர். இந்தக் கணக்கு இல்லாமல் ஆன்டெனாவைத் திருப்பினால், எண்கள் ஏன் திடீரென்று தாவுகின்றன என்று புரியாது.

சில செயலிகள் டைமிங் அட்வான்ஸ் என்ற எண்ணையும் காட்டும். 4ஜியில் அதன் ஒரு அலகு ஏறக்குறைய 78 மீட்டர். 12 என்று காட்டினால் டவர் 940 மீட்டர் அளவில் இருக்கிறது. டவர்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்க்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளம் இருக்கிறது. தூரமும் வரைபடமும் ஒத்துப்போனால் திசை உறுதி. கண்ணுக்குத் தெரியும் பக்கத்து டவர் வேறு நிறுவனத்துடையதாக இருப்பது சகஜம், அதனால் கண்ணை மட்டும் நம்பித் திருப்ப வேண்டாம்.

வெளி ஆன்டெனா: எப்போது, எப்படி

ஜன்னல் தேடல், பேண்டு மாற்றம் எல்லாம் முடிந்தும் எஸ்ஐஎன்ஆர் 5ஐத் தாண்டவில்லை, காலை 5 மணிக்கும் வேகம் இல்லை என்றால் மட்டுமே ஆன்டெனாவுக்குப் பணம் செலவழிக்கலாம். இரவில் மட்டும் மெதுவாகும் வீட்டுக்கு ஆன்டெனா வாங்கினால், கூட்டம் இல்லாத வேறொரு டவரை அது பிடித்துத் தந்தால் ஒழிய, காசு வீண்.

ரௌட்டரின் பின்னால் சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய ரௌட்டர்களில் எஸ்எம்ஏ, யுஎஸ்பியில் சொருகும் டாங்கிள்களிலும் கையடக்கக் கருவிகளிலும் டிஎஸ்9 அல்லது சிஆர்சி9 இருக்கும். கடைசி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில் மற்றது சரியாக உட்காராது. வைஃபை ஆன்டெனாக்களுக்கு வரும் ஆர்பி-எஸ்எம்ஏ மரையில் நன்றாக ஏறிவிடும், ஆனால் நடு ஊசி சேராது. திருகி முடித்தும் எண் அசையவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். சில ரௌட்டர்களில் செட்டிங்கில் எக்ஸ்டெர்னல் என்று மாற்றினால்தான் சாக்கெட் வேலை செய்யும்.

ஆன்டெனா இரண்டு தேவை. 4ஜி இரண்டு தனித்தனி ஓடைகளாக டேட்டாவை அனுப்புகிறது. ஒரே ஆன்டெனா போட்டால் சத்தம் கூடி வேகம் குறையும் வேடிக்கை நடக்கும். மீன்முள் வடிவ எல்பிடிஏ ஆன்டெனா இரண்டை ஒன்று இடப்பக்கம் 45 பாகை, மற்றது வலப்பக்கம் 45 பாகை சாய்த்து மாட்டுங்கள். இணையக் கடைகளில் புத்தக அளவு ஆன்டெனாவுக்கு 28, 35 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டித் தரும் என்ற அளவு) என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்த அளவுக்கு 7 முதல் 9, நல்ல எல்பிடிஏவுக்கு 9 முதல் 11, அதுவே உண்மை நிலவரம்.

பெரும்பாலான ஆன்டெனா வேலைகள் தோற்பது வயரில். மலிவான ஆர்ஜி58 வயர் 2300 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 9 டிபி அளவுக்குத் தின்றுவிடும். 9 டிபிஐ ஆன்டெனா கொண்டுவந்ததை எல்லாம் வழியிலேயே பறிகொடுத்து, கைக்கு வருவது பூஜ்யம். எல்எம்ஆர்200 ரக வயர் அதே தூரத்துக்கு 5, எல்எம்ஆர்400 ரகம் 2. கடைசியது விரல் தடிமன், விலையும் அதிகம், வளைக்கவும் சிரமம். 3 மீட்டருக்குமேல் போகாமல் முடிக்கப் பாருங்கள்.

ஆன்டெனாவைத் திருப்பும்போது அவசரம் கூடாது. 15 பாகை திருப்பி, ஒரு நிமிடம் நின்று, எஸ்ஐஎன்ஆரையும் செல் ஐடியையும் எழுதி, அடுத்த 15. சுற்றி வர 24 நிறுத்தம், அரை மணி நேரம். சத்தம் உச்சமாக இருக்கும் திசையும் எஸ்ஐஎன்ஆர் உச்சமாக இருக்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குறுக்கிடும் டவரை முதுகுப்பக்கம் தள்ளும் திசையே வெல்லும்.

ரௌட்டரையே வெளியே வைப்பது

எங்களுக்கு அதிகம் பிடித்த வழி இதுதான். ஆன்டெனா வயரை நீட்டினால் சிக்னல் சாகிறது. லேன் வயரை 100 மீட்டர் நீட்டினாலும் டேட்டா சாவதில்லை. ஆகவே ரௌட்டரை மாடியில் பெட்டிக்குள் வைத்து, லேன் வயரைக் கீழே இறக்கி, வீட்டுக்குள் ஒரு சாதாரண வைஃபை ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும்படி வைத்தால் போதும்.

பெட்டி தூசியும் மழைநீரும் புகாத ஐபி65 தரத்தில், பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னலைச் சிறையில் அடைத்த மாதிரி. வயர் அடிப்பக்கத் துளையில், கேபிள் கிளாண்ட் வழியாக, துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறட்டும். மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதைத் தாண்ட வெகுநேரம் ஆகாது. வடக்குப் பக்கச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில், வெள்ளைப் பெட்டியாக வையுங்கள். மதியம் மட்டும் நெட் தானாக அணைந்து அணைந்து வந்தால் காரணம் சூடு.

கரண்டையும் அதே லேன் வயரில் அனுப்பலாம், ஆனால் 12 வோல்ட்டாக அனுப்பக் கூடாது. 20 மீட்டர் கேட்5ஈயில் இரண்டு ஜோடியில் 1 ஆம்பியர் போனால் 1.7 வோல்ட் வழியிலேயே விழுந்து ரௌட்டருக்கு 10.3தான் சேரும். லேன் வயரில் கரண்ட் ஏற்றும் 48 வோல்ட் பிஓஇ இன்ஜெக்டர் கீழே, 12 வோல்ட் தரும் ஸ்ப்ளிட்டர் மேலே என்று போடுங்கள். வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய சிசிஏ வயரில் வீழ்ச்சி இன்னும் அதிகம், இரண்டு மழைக்காலத்தில் முனையும் அரித்துவிடும்.

இடி மின்னல் காலத்தில் மாடியிலிருந்து இறங்கும் எந்த வயரும் ஆபத்துதான். கம்பத்தை எர்த் செய்யுங்கள், லேன் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள், வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆன்டெனா இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் சுற்றுங்கள். மழையே இந்த அலைவரிசைகளைப் பெரிதாகக் குறைப்பதில்லை. இணைப்புக்குள் புகுந்த தண்ணீரும், நடுவில் நிற்கும் தோப்பின் நனைந்த இலைகளும்தான் குறைக்கின்றன. மழை விட்டு இலை காய்ந்த பிறகும் எண் திரும்பாவிட்டால் இணைப்பைத் திறந்து பாருங்கள்.

கடையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டர் வேறு விஷயம். அது அலையை வாங்கிப் பெருக்கித் திரும்ப ஒலிபரப்பும் கருவி. அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம், அதோடு அது கிளப்பும் இரைச்சல் அந்தத் தெருவுக்கே நெட்டைக் கெடுக்கும். வாங்காதீர்கள்.

அடாப்டரையும் ஒரு கை பாருங்கள்

நெட் அடிக்கடி விழுந்து எழுந்தால், குறிப்பாகப் பலர் ஒன்றாகப் பயன்படுத்தும்போது ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆனால், அடாப்டரைச் சந்தேகியுங்கள். சுமை இல்லாமல் அளந்தால் களைத்த 12 வோல்ட் அடாப்டரும் 12 காட்டும். ரௌட்டர் ஓடும்போது, ஸ்பீடு டெஸ்ட் போய்க்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். 11.4க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். புதியதில் வோல்ட் அதேதாக, ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், பின் அளவும் நடுமுனை பாசிட்டிவா என்பதும் ஒத்துப்போக வேண்டும். டாங்கிளைப் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகினால் 500 மில்லிஆம்பியர்தான் உறுதி, சிக்னல் மோசமான இடத்தில் அது போதாமல் போகலாம்.

வேகம் இருந்தும் ஜூம் அறுகிறது

ஸ்பீடு டெஸ்டில் 25, ஆனால் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போதும் சுமையின்போதும் தாமதம் எவ்வளவு என்று இரண்டு எண் வரும். முதலாவது 45, இரண்டாவது 600 என்றால் அப்லோடு வரிசை அடைத்துக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவரின் போன் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். ரௌட்டரில் க்யூஓஎஸ் (வேகத்தைப் பங்கிட்டு ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் அளந்த அப்லோடு வேகத்தில் 80 விழுக்காட்டை உச்சவரம்பாக வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை நிறுவனத்தின் பக்கம் சேராமல் உங்கள் ரௌட்டரிலேயே ஒழுங்குபடும்.

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றுவது பக்கம் திறக்கத் தொடங்கும் நேரத்தைக் குறைக்கலாம், இறங்கும் வேகத்தைக் கூட்டாது. ரௌட்டர் செட்டிங்கில் ஏபிஎன் (நிறுவனத்தின் டேட்டா இணைப்பு விவரம்) பகுதியில் ஐபி வகை ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்ததாக இருக்கட்டும்.

டவரே நிரம்பியிருந்தால்

நோட்டில் மூன்று நாள் கணக்கு நெரிசலைக் காட்டினால் வீட்டுக்குள் செய்ய மிச்சமிருப்பது பேண்டு மாற்றமும் வேறு டவர் தேடலும்தான். அதற்கடுத்துப் புகார். 198க்கு அழைத்து, புகார் எண்ணை வாங்குங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். செல் ஐடி, பேண்டு, மூன்று வேளை ஆர்எஸ்ஆர்பி, ஆர்எஸ்ஆர்க்யூ, வேகம் ஆகியவற்றைத் தேதியோடு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் எடுத்த அளவையும் சேர்க்கலாம். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதும் உரிமை உண்டு.

நிறுவனம் மாறுவதாக இருந்தால் விளம்பரத்தைப் பார்த்து மாறாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வேறு நிறுவன சிம் உள்ள போன்களைக் கேட்டு வாங்கி, நீங்கள் கண்டுபிடித்த அதே ஜன்னலில், அதே இரவு 9 மணிக்கு ஒவ்வொன்றிலும் மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். மூன்று நாள் தொடர்ந்து முந்துவது எது என்று தெரிந்த பிறகு, எண்ணை மாற்றுவதற்குமுன் அந்த நிறுவனத்தின் புது சிம் ஒன்றை ஒரு மாதத் திட்டத்தில் வாங்கி ரௌட்டரில் போட்டுப் பாருங்கள். ரௌட்டர் சிம்முக்கு யாரும் போன் செய்யப்போவதில்லை, பழைய எண்ணைக் கொண்டுபோக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை.